தலைமிதித்த அம்மன்

அக்காவுக்குக் கோபம் வரக் காரணமே வேண்டாம் என்று எங்கள் கூலி லைனில் சொல்வார்கள். அது பொய். காரணம் எப்போதும் இருந்தது. அதைக் காரணம் என்று ஒப்புக்கொள்ள மற்றவர்களுக்குத்தான் தைரியம் இல்லை. கடைக்காரன் அரிசியில் கல்லைக் கலந்து போட்டால் நாங்கள் எல்லோரும் கல்லைப் பொறுக்கிவிட்டுச் சோறாக்குவோம். அக்கா அந்தக் கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு போய் அவன் தராசுத் தட்டில் கொட்டி, "இத நீ துன்னு, நான் பாக்கறன்" என்று எதிரே நிற்பாள். அவன் வேறு அரிசி அளந்து போடும்வரை நகரமாட்டாள். பின்னால் நிற்கும் நாங்கள், ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று முணுமுணுப்போம்.

அது அவள் காதில் விழாமல் இருக்காது. "புத்தி கீறவங்க எல்லாம் இன்னாத்த கிழிச்சீங்க? கல்லு பொறுக்கிப் பொறுக்கி வெரலு தேஞ்சதுதான் மிச்சம்" என்பாள்.

எங்கள் பிழைப்பே அதுதான். தங்கச் சுரங்கத்து ஷாஃப்டிலிருந்து மேலே வருகிற பாறையைச் சுத்தியால் உடைத்து, அரைக்கிற மில்லுக்குப் போகிற துண்டு இது, குப்பைக்குப் போகிற துண்டு இது என்று பெண்கள் உட்கார்ந்து பிரிப்போம். ஆண்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே போவார்கள். எல்லோரும் வட ஆர்க்காட்டுப் பக்கமிருந்து வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஸ்கெலட்டன் என்று சொல்கிற இடத்தில் மூங்கில் தட்டி கட்டி, மண் பூசி, வரிசையாகக் குடியிருந்தோம். அதுதான் லைன். தட்டி வீடு என்பதால் ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் நூறாயுசு சொல்வார்கள். அக்கா எனக்குப் பக்கத்து வீடு. ஆகவே அவள் கோபத்தில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன், மீதியைக் காதால் கேட்டேன்.

என் மூத்த பெண் பிறக்கச் சுணங்கியபோது வாசலில் நின்றுகொண்டு மருத்துவச்சியைத் திட்டினாள். மருத்துவச்சி அதற்கெல்லாம் மசியவில்லை என்றதும் என் வயிற்றுப் பிள்ளையைத் திட்ட ஆரம்பித்தாள். "ஏண்டி சோம்பேறி, உள்ள இன்னா பண்றே? உங்கம்மா செத்தாதான் வருவியா?" என்றாள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை விழுந்த பிறகு கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததும் அவள்தான். அதையும் திட்டிக்கொண்டே கொடுத்தாள். அவளுக்கு அன்பு காட்டத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

அவள் புருஷன் அவளுக்கு நேர் எதிர். வாயில்லாத மனிதர். குடிப்பார், அதை மறைத்துப் பேச நான் வரவில்லை. குடித்தாலும் சத்தம் போடாமல் மூலையில் சுருண்டுகொள்வார். அவர் பேசவேண்டியதையும் சேர்த்து அக்காவே பேசித் தீர்த்தாள். அவர் சுரங்கத்துக்குள் மேல்பாறை சரிந்து விழுந்து செத்துப்போனார்.

அதற்கு முதல் நாள் சாப்பிடும்போது, "பாறை கத்துது. மேஸ்திரிகிட்ட சொன்னன். தாங்க மரம் குடுன்னு கேட்டன். நாளிக்குப் பாக்கலாம் போடான்னாரு" என்றார். பாறை கத்துவது என்றால், சரிவதற்கு முன்னால் அது உள்ளே விரிசல் விட்டு நெரிகிற சத்தம். அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான் என்று அக்கா பிற்பாடு சொன்னாள். தட்டிக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கும் அது கேட்டது. அன்று அவர் குடிக்கவும் இல்லை. குடித்திருந்தால் அக்காவின் சத்தம் கேட்டிருக்கும்.

பிணத்தை மேலே கொண்டுவந்தபோது மேஸ்திரி, அதாவது அந்த கேங்கை வைத்து வேலை வாங்கியவன், சுரங்கத்தை நடத்துகிற கேப்டன் துரையிடம் போய், "குடிச்சிட்டு எறங்கினான் தொரே, அவன் தப்பு" என்று சொல்லிவிட்டான். பாறை கத்தியதாக யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்றும் சொன்னான். கம்பெனியில் அப்படியே எழுதினார்கள். நான் போய் நான் கேட்டதைச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரி பரிந்து பேசுகிறாள் என்று தள்ளிவிட்டார்கள். கூட இருந்த கேங்க் ஆட்களோ வாயே திறக்கவில்லை. திறந்தால் மறுநாள் கேஜில் இடம் கிடையாது.

அக்கா அழவில்லை. "அவன் குடிகாரன்தான். நானே ஊருக்கே சொல்வன். ஆனா அன்னிக்கு குடிக்கல. செத்தவன் மேல பொய் ஏத்துறானே, அவன் வந்து கற்பூரம் அணைக்கட்டும்" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

எங்களில் ஒரு பேச்சு பொய்யா மெய்யா என்று தீராவிட்டால், அம்மன் முன்னால் கற்பூரம் ஏற்றி, சொன்னவன் அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணவேண்டும். பொய்ச் சத்தியம் பண்ணினவன் குடும்பம் விளங்காது. இதற்கு மேல் கோர்ட்டு கிடையாது. ஆனால் லைன் மாரியம்மன் கோயில் மேஸ்திரியின் கையில் இருந்தது. திறப்பது அவன் ஆள், பூட்டுவது அவன் ஆள், முதல் மரியாதை அவனுக்கு. அக்கா அங்கே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். "அந்தம்மா அவன் வூட்டு சோத்தத் துன்றா. எனக்கு வேற அம்மா வேணும்" என்றாள். சாமியை இப்படிப் பேசலாமா என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

வேறு அம்மன் கிடைத்த விதம் வேடிக்கை. பழைய கேப்டன் துரை சீமைக்குத் திரும்பியபோது அவர் பங்களா வாசலில் சாமான்களை ஏலம் போட்டார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போனோம். அக்கா ஒரு தகர வாளிக்காகப் போனாள். வாளியை எடுத்தபோது, யாரும் கேட்காமல் கிடந்த நாலு கண்ணாடிப் படங்களையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிட்டார்கள். கறுப்பு மையில் மெல்லிய கோடு கோடாக இழைத்த சீமைப் படங்கள். படத்துக்கு ஒரு பெண். நாலையும் வாளியில் வைத்துத் தலையில் சுமந்து வந்தோம்.

வீட்டில் இறக்கித் துடைத்துப் பார்த்தால், ஒருத்தி தலையில் கிரீடம், கையில் சின்னதாக ஒரு கோயில், பக்கத்தில் குதிரை. அடுத்த லைன் கிறிஸ்தவப் பெண் அவளைப் பார்த்த உடனே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, "இது எங்க மாதா" என்று வாங்கிப்போய்விட்டாள். இன்னொருத்தி யானைத் தும்பிக்கையைக் குல்லாயாகப் போட்டு, காலடியில் சிங்கம், கையில் தேள் பிடித்திருந்தாள். தேள்கடிக்கு மந்திரிக்கிற கிழவர் அவளைக் கேட்டு எடுத்துப்போனார். அதற்கப்புறம் தேள் கொட்டினவர்களை அவர் அந்தப் படத்தின் முன்னால்தான் உட்காரவைத்தார். மூன்றாமவள் நிறையத் துணி உடுத்தி, நகை போட்டு, புகைகிற தூபக்கால் ஒன்றைப் பிடித்திருந்தாள். பின்னால் ஒட்டகம் படுத்திருந்தது. அவளை யாரும் சீந்தவில்லை. என் வீட்டுத் தட்டியில் ஓட்டை இருந்தது, அதை மறைக்க நான் வாங்கிக்கொண்டேன்.

நாலாமவளை அக்கா யாருக்கும் கொடுக்கவில்லை. அவள் இடுப்புக்கு மேல் துணியில்லாமல், தலையில் இறகுக் கிரீடம், கையில் வில், தோளில் அம்பறாத்தூணியோடு நின்றாள். பக்கத்தில் முதலை. காலடியில் அம்பு தைத்த ஒரு மனிதத் தலை. தாடி வைத்த தலை. அதன் மேல் ஒரு காலை வைத்திருந்தாள்.

"இவ நம்மாளுடி" என்றாள் அக்கா.

அதில் தப்பு என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வெட்டின தலையும், ஆயுதமும், ஏறிப்போக ஒரு மிருகமும் வைத்திருக்கிறவளை நாங்கள் வேறு என்னவென்று நினைப்போம்? அக்கா ஒரு சிவப்புத் துணியைத் தாவணி மாதிரி மடித்துக் கண்ணாடி மேல் ஒட்டி அவள் மானத்தை மறைத்தாள். மஞ்சள் குங்குமம் வைத்தாள். தினமும் காலையில் எழுந்ததும் அவளையும் திட்டினாள். "கால வச்சினு சும்மா நின்னா ஆச்சா? இன்னொரு தல பாக்கி கீது, மறந்துட்டியா?" என்பாள். சாமி கும்பிடுகிற சத்தம் அந்த வீட்டில் எப்போதும் சண்டைச் சத்தமாகத்தான் கேட்டது.

மெல்ல மெல்ல ஆண்கள் ஷிஃப்டுக்குப் போகும்போது குனிந்து உள்ளே வந்து அம்மன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். தலைமிதிச்ச அம்மா என்று பெயரும் வைத்துவிட்டார்கள். செத்தவரின் கேங்க் ஆட்களும் வந்தார்கள். ஒருவன் கோழி திருடினதாகப் புகார் வந்து, இல்லை என்று கற்பூரம் அணைக்க வந்தான். அணைப்பதா வேண்டாமா என்று நெருப்பின் மேல் கையை வைத்தபடியே யோசித்ததில் உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அங்கேயே கோழியை ஒப்புக்கொண்டான். நெருப்பில் கையை வைத்து யோசித்தால் கொப்பளிக்காமல் என்ன செய்யும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது லைனே அம்மன் காலில் விழுந்தது.

அதற்குப் பிறகு அக்கா, ஆடிக் கூழ் ஊற்றுகிற நாளில், எல்லோர் முன்னாலும் மேஸ்திரியைக் கூப்பிட்டாள். "பாறை கத்துதுன்னு உங்கிட்ட சொல்லலன்னு சொன்னியே, என் புருசன் குடிச்சிருந்தான்னு சொன்னியே, வந்து அணைச்சிட்டுப் போ. அணைச்சிட்டா நான் உங்கால்ல வுழுறன், அப்பறம் வாயே தொறக்க மாட்டன்" என்றாள்.

அவன் வேலை இருக்கிறது என்று போய்விட்டான். மறுநாளிலிருந்து அக்கா வீட்டு வழியாக ஷாஃப்டுக்குப் போவதையே விட்டான். மில்லிலிருந்து கொட்டுகிற மண்மேட்டைச் சுற்றிக்கொண்டு, செருப்பில் சேறு அப்பப் போய்வந்தான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். லைன் முழுவதும் அதைப் பார்த்தது. அவன் மண்மேட்டைச் சுற்றுகிற நேரம் பார்த்து அக்கா வாசலில் நின்று, "இன்னா மேஸ்திரி, கிட்டத்து வழி புடிக்கலியா?" என்று கத்துவாள்.

அவனுக்கு அந்தப் படம் போயாகவேண்டும். கூலிகள் வெள்ளைக்காரன் தலையை மிதிக்கிற மாதிரி படம் எழுதி வைத்துச் செய்வினை பண்ணுகிறார்கள் என்று புதிய கேப்டனிடம் போய்ச் சொன்னான். படத்திலிருந்த தலைக்குத் தாடி, கேப்டனுக்கும் தாடி. போதாதா? ஐப்பசி மழையில் ஒருநாள் கேப்டன் குதிரையில் வந்து இறங்கினார். துபாஷி வேலைக்கு மிஷன் பள்ளிக்கூட வாத்தியாரும், வழிகாட்ட மேஸ்திரியும் கூட வந்தார்கள். தெருவுக்குள் வந்தானே தவிர, மேஸ்திரி அக்கா வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

அக்கா படத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். கேப்டன் குனிந்து உள்ளே வந்து, கைப்பிரம்பின் நுனியால் சிவப்புத் துணியைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். அக்கா வீட்டு மூங்கில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். படத்தைக் காட்டி, "அமெரிக்கா" என்றார். அவர் எங்களை அடித்திருக்கலாம், படத்தைப் பிடுங்கிப் போட்டு உடைத்திருக்கலாம். அது ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பை நினைத்தால் இந்த வயதிலும் எனக்கு வயிறு எரிகிறது.

வாத்தியார் நல்லவர். அதுதான் கொடுமை. பொறுமையாக எடுத்துச் சொன்னார். "இது சாமி இல்லம்மா. உலகத்த நாலு கண்டமா பிரிச்சி, ஒவ்வொரு கண்டத்தயும் ஒரு பொம்பளையா எழுதறது அவங்க வழக்கம். இது அமெரிக்கா. அங்க இருக்கிறவங்க காட்டு ஜனம், மனுஷன் தலய வெட்றவங்கன்னு காட்டத்தான் இந்தத் தலை. அந்தக் கிரீடம் வச்சவ இருக்கால்ல, அவ ஐரோப்பா. அவதான் ராணி. மத்த மூணு பேரும் அவளுக்குக் கீழ."

"நாம எதுல கீறோம்?" என்றாள் அக்கா.

வாத்தியார் என் வீட்டைக் காட்டினார். ஓட்டையை மறைத்துக்கொண்டிருந்த ஒட்டகக்காரிதான் நாங்களாம். ஆசியாவாம். எல்லோரும் போய்ப் பார்த்தோம். எங்களில் ஒருத்தியும் பட்டுடுத்தி, தூபம் பிடித்து நின்றதில்லை. ஒட்டகத்தை நாங்கள் அந்தப் படத்தில்தான் முதலில் பார்த்தோம். எங்களை எழுதின படம்தான் எங்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

"இத எழுதினவன் நம்மள பாத்துக்கீறானா?" என்று கேட்டாள்.

"பாத்திருக்க மாட்டாங்கம்மா. அவங்க ஊருல உக்காந்து எழுதினது."

"பாக்காமயே எழுதிட்டானா? அதானே. கீழ எறங்கிப் பாக்காமயே என் புருசன் குடிச்சான்னு எழுதலியா, அந்த மாதிரி." அதைச் சொல்லும்போது அவள் கேப்டனைப் பார்த்துத்தான் சொன்னாள். வாத்தியார் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. கேப்டன் சிரித்துக்கொண்டே குதிரை ஏறினார்.

கதை பங்களாக்களுக்குப் பரவியது. துரைசானிகள் வண்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவைக் கும்பிடுகிற கூலிகளைப் பார்க்க வந்தார்கள். எங்கள் ஆண்களுக்கு வெட்கம் தாங்கவில்லை. காலைத் தொட வருவதை நிறுத்தினார்கள். வராததோடு விடாமல், நான் அப்போதே நினைத்தேன், சாமிக்கு இறகு ஏது என்று ஒவ்வொருவனும் புத்திசாலி ஆனான். அந்தக் கிறிஸ்தவப் பெண் மட்டும், "கைல கோயில் வச்சினுகீறவ மாதா இல்லாம வேற யாரு, வாத்தியாருக்கு இன்னா தெரியும்" என்று மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டே இருந்தாள். அக்கா சிவப்புத் துணியை எடுக்கவில்லை. குங்குமத்தையும் நிறுத்தவில்லை. ஆனால் காலையில் திட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அந்த அமைதியில் எனக்கு வேலை ஓடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வந்தான். வெள்ளைத் தலைப்பாகை, வாயில் வெற்றிலை, பின்னால் பெண்டாட்டி, கேங்க் ஆட்கள், வேடிக்கை பார்க்கப் பாதி லைன். கிட்டத்து வழியாகவே வந்தான்.

"இன்னாமே, சத்தியம் பண்ணுன்னு ஊரக் கூட்டினு இருந்தியே. ஏத்து கற்பூரத்த" என்றான்.

அக்கா படத்தை எடுத்து வந்து வாசலில் சாய்த்துவைத்தாள். ஒரு ஓட்டில் கற்பூரம் ஏற்றினாள். அவன் குனிந்து பட்டென்று உள்ளங்கையால் அடித்து அணைத்தான். "அவன் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. குடிச்சிட்டுத்தான் எறங்கினான். இது சத்தியம்" என்றான். நிமிர்ந்து கையைக் காட்டினான். கை கொப்பளிக்கவில்லை. "வா, கால்ல வுழு" என்றான்.

அக்கா அவன் மேல் பாய்வாள் என்று நான் அவள் முந்தானையைப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவள் பாயவில்லை. பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரலில் கேட்டாள்.

"வுழுறன் மேஸ்திரி. ஆடியில கூப்ட்டனே, அன்னிக்கு ஏன் வர்ல?"

அவன் சந்தோஷத்தில் இருந்தான். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சொன்னான்: "அன்னிக்கு இது நெஜ சாமின்னுல்ல நெனச்சினு இருந்தன்."

இரண்டு மூன்று பேர் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. கடைசியாகப் புரிந்தது அவனுக்குத்தான். அவன் பெண்டாட்டி அவனையே பார்த்தாள். பிறகு முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவனுக்குக் காத்திராமல் தனியாக நடந்து போனாள். அவனும் பின்னாலேயே போனான்.

"கேட்டுக்கினீங்களா?" என்றாள் அக்கா கூட்டத்தைப் பார்த்து. "என் புருசன் குடிக்காமத்தான் செத்தான்."

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு நகரப் பார்த்தார்கள். கம்பெனியில் அவனே மேஸ்திரியாக இருந்தான், மறுநாளும் அவன் பெயர் கூப்பிட்டால்தான் கேஜ் என்பது எல்லோருக்கும் தெரியும். கேங்க் ஆட்களில் ஒருவன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். அவள் புருஷனோடு ஒரே இடத்தில் வேலை செய்தவன்.

"ஆமாங்க்கா" என்றான். "அண்ணன் பாறை கத்துதுன்னு மேஸ்திரிகிட்ட சொன்னப்ப நான் பக்கத்துலதான் இருந்தன். என் காதால கேட்டன்."

நான் அவள் அவனைக் கும்பிடுவாள் என்று நினைத்தேன். அக்கா அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். தலைப்பாகை கழன்று கீழே விழுந்தது.

"தெனம் இந்தப் பக்கம் போவும்போது இவ காலத் தொட்டுக் கும்புட்டுத்தானடா போன" என்றாள். "இவகிட்டயாவது சொன்னியா?"